கயாக் இறக்கும் இடம்

நொயெலியா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான் பொய் சொன்னேன். அவள் புருஷன் யூசேபியோ செத்துப்போனான். நடுவில் வாடைக் காற்று, சேறு, ஓதம் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். ஊரும் அதைத்தான் சொல்கிறது. ஊருக்கு என்ன, ஊர் என் மேல் பிரியமாக இருக்கிறது.

நானும் யூசேபியோவும் பதினோரு வருஷம் சேர்ந்து தட்டைமீன் குத்தினோம். பகலில் அவன் குழாய் வெல்டர், நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். அக்டோபர் பிறந்துவிட்டால் இரண்டு பேருக்கும் வீட்டில் கால் தங்காது. கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகின் முனையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முழங்கால் ஆழத் தண்ணீரில் சத்தமில்லாமல் நகர வேண்டும். மணலில் புதைந்து கிடக்கும் மீனின் ஓரமும் இரண்டு கண்களும் தெரியும். ஈட்டியை இறக்கினால் மீன் உன்னுடையது. அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. எங்கே இறங்குவது, எங்கே கரையேறுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் உப்பங்கழியைச் சுற்றிலும் சேறு. தெரியாத இடத்தில் கால் வைத்தால் இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு ஓர் இடம் அகப்பட்டது. கழியின் அந்தக் கரையில், பழைய எண்ணெய்க் கிணற்றுக்குப் போட்ட சிப்பி ஓட்டுச் சாலை தண்ணீருக்குள் போய் முடிகிறது. தண்ணீர் வற்றிய ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பால் குத்திக் குத்திப் பார்த்தோம். இரண்டு கயாக் அகலத்துக்குக் கெட்டித் தரை. இரண்டு பக்கமும் அதே பாழாய்ப்போன சேறு.

நொயெலியாவின் அண்ணன் ரெனே, வெளியூர்க்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு அவர்களை மீன் குத்த அழைத்துப்போகிறவன். படகைச் சுற்றி ஆறு விளக்கு வைத்திருப்பான். எங்களுடைய முந்தைய இடத்தை மோப்பம் பிடித்து வந்து ஒரே வாரத்தில் துடைத்துவிட்டான். அதனால் இந்த இடத்துக்குக் கையடித்துச் சத்தியம் செய்துகொண்டோம். யார் கேட்டாலும் இந்தக் கரையில் இருக்கும் ஐஸ் பாக்டரிப் பக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். எங்களைப் பெற்றவளே எழுந்து வந்து கேட்டாலும் அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கால்பந்தாட்டம். என் மகள் பள்ளிக்கூடத்து பாண்டு வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறாள். சாயங்காலம் யூசேபியோ வண்டியில் கயாக்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"வாடை இறங்கப்போகுதாம்டா. தனியா போகாதே" என்றேன்.

"வாடைக்கு முன்னாடிதான்டா மீன் கிளம்பும். நாலஞ்சு குத்திட்டுப் பத்து மணிக்குள்ள வீட்டுல இருப்பேன். நீ போய் உன் பொண்ணு ஊதறதக் கேளு. அவள இங்க மட்டும் கூட்டிட்டு வந்துடாதே, மீனெல்லாம் மெக்சிகோவுக்கு ஓடிடும்."

வாடை எட்டரைக்கே வந்துவிட்டது. மைதானத்தில் பிள்ளைகளின் பாட்டுத்தாள்கள் பறந்தன. வாடை அடித்தால் கழித் தண்ணீர் கடலைப் பார்க்க ஓடும், கரையோரம் வெறும் சேறாகிவிடும் என்பது எனக்குத் தெரியாததில்லை. பத்து மணிக்குள் திரும்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்கு போன் வந்தது.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

"இல்ல நொயெலியா, இப்பதான் உள்ள வந்தேன்."

"நீங்க ரெண்டு பேரும் கயாக் எறக்குற இடம் எங்கண்ணே?"

அவள் குரலுக்குப் பின்னால் ரெனேவின் குரல் கேட்டது. "எந்த ரோடுன்னு கேளு."

எனக்குச் சுருக்கென்றது. ஓஹோ, தங்கச்சியை விட்டுத் தூண்டில் போடுகிறானா, பார்க்கலாம் என்று நினைத்தேன்.

"ஐஸ் பாக்டரிப் பக்கந்தான்மா."

"நிஜமாவாண்ணே?"

"உன்கிட்டப் போய் பொய் சொல்வேனா?"

சரி என்று வைத்துவிட்டாள். அவர் இன்னும் வரவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன வருஷம் இப்படித்தான் பயந்துபோய் எல்லோருக்கும் போன் போட்டாள். தூண்டில் கடையில் ஒரு மாதம் அவனை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். இனிமேல் என் மானத்தை வாங்காதே என்று அவன் கத்தியிருந்தான். அதனால் பாதியை விழுங்கிக்கொண்டாள். நானும் ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. ரெனேவை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே படுத்தேன்.

பன்னிரண்டே காலுக்கு மறுபடியும் போன். இந்த முறை ரெனே.

"வெண்டல், ஐஸ் பாக்டரிலேர்ந்து பாலம் வரைக்கும் ஒரு சந்து விடாம தேடிட்டோம். அவன் வண்டிய காணோம். எங்கய்யா இருக்கான்?"

சொன்னேன். அவர்கள் கழியைச் சுற்றி வர முக்கால் மணி நேரம். நானும் ஏறக்குறைய அதே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் வாடை அடங்கி, வெளியே போன தண்ணீர் திரும்பிக்கொண்டிருந்தது. சிப்பித் தரையிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி இருந்தான் யூசேபியோ. தண்ணீர் வற்றிக் கயாக் தரைதட்டியிருக்கிறது. இழுக்கலாம் என்று இறங்கியிருக்கிறான். இடுப்புக்கு மேல் சேறு, அதற்கு மேல் தலையை மூடித் திரும்பி வந்த தண்ணீர். ரெனேதான் முதலில் குதித்து அவன் தலையைத் தூக்கிப் பிடித்தான். தூக்கிப் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஷெரீஃபின் ஆட்கள் பலகை போட்டு உடலை எடுக்கும்வரை அவன் பிடியை விடவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் நொயெலியாவைப் பார்க்கப் போனேன். சமையலறையில் உட்காரச் சொல்லிக் காபி வைத்தாள்.

"தூக்கக் கலக்கத்துல மாத்திச் சொல்லியிருப்பீங்கன்னு ரெனே சொன்னான்" என்றாள்.

எனக்கு ஒரு வழி திறந்து வைத்திருந்தார்கள், அண்ணனும் தங்கையுமாக. அதில் புகுந்து வெளியே போயிருக்கலாம். முடியவில்லை.

"தூக்கமெல்லாம் இல்லம்மா. ரெனே குரல் கேட்டுச்சு. அவன்தான் கேக்கச் சொல்றான்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று இருந்தேன். அவள் காபியைக் கோப்பையில் ஊற்றினாள்.

"அவரும் அன்னைக்குக் கெளம்பும்போது ஐஸ் பாக்டரின்னுதான் சொன்னாரு. நான் நம்பல. அவர் துணிய தொவைக்கிறவ நான். ஐஸ் பாக்டரிப் பக்கம் கருப்புச் சேறு. அவர் பேண்ட்ல வெள்ளைச் சிப்பித்தூள்தான் எப்பவும் இருக்கும். அத ரெனேகிட்ட காட்டினேன். அப்ப எண்ணெய்க் கிணத்து ரோடாத்தான் இருக்கும், வா போலாம்னு வண்டிச் சாவிய எடுத்துட்டான்."

காபியை என் பக்கம் நகர்த்தினாள்.

"நான்தான் நிறுத்தினேன். வெண்டல் அண்ணன் என்கிட்ட பொய் சொல்ல மாட்டாரு, ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போயிடலாம்னு."