மூன்றாம் நாளில் கழுவிய தட்டுகள்

அந்த விதைமருந்து நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் மூன்றாம் நாள் என்றால் கழுவும் நாள். கண்ணாடித் தட்டில் ஈரத்தாள் விரித்து வைத்த விதை மூக்கை நீட்டியிருந்தால் முளைத்ததாகக் கணக்கு. எண்ணிப் படிவத்தில் எழுதிவிட்டு, தட்டைக் கழுவி அடுத்த விதைகளுக்கு வைத்துவிடுவார்கள். தட்டுகள் குறைவு, விதைகள் அதிகம். அங்கே சோதனையாளராக இருந்த அவளும் எட்டு வருடமாக அப்படித்தான் செய்துவந்தாள்.

விதைகளை ஊறவைப்பதற்கென்று நிறுவனம் கொண்டுவந்த, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கலந்த புதிய துத்தநாக ஆக்சைடு நானோ கரைசலையும் அப்படித்தான் சோதித்தாள். கரைசலில் ஊறிய நூறு வெள்ளரி விதைகளில் தொண்ணூற்றாறு முளைத்தன. கையெழுத்துப் போட்டாள். நாற்றுப் பண்ணை வைத்திருந்த அவளுடைய அக்கா, தன் தங்கை சோதித்துப் பார்த்த சரக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு விதையை அதில் ஊறவைத்தாள்.

நாற்றுகள் குறைவில்லாமல் முளைத்தன. விவசாயிகள் வாங்கிப்போய் நட்டார்கள். நட்டது நட்டபடியே நின்று, இலை மஞ்சளாகிச் சுருண்டது. நிறுவனத்தின் விற்பனையாளர் வந்து பண்ணைத் தொட்டியில் விரலை நனைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டீர்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

"தண்ணி ஊத்த எனக்கு அவர் சொல்லித் தரணுமா? நீதானடி பார்த்துக் கையெழுத்துப் போட்ட?" என்றாள் அக்கா தொலைபேசியில். அடுத்த விதைப்பு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்றும், இதுவும் போனால் ஒருவரும் தன் வாசல் மிதிக்கமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

அவள் வாதாடவில்லை. பச்சைத் தண்ணீரில் ஒரு தட்டு, கரைசலில் ஒரு தட்டு என விதை வைத்து, அலமாரியின் பின்பக்கம் ஒளித்தாள். மூன்றாம் நாள் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஏழாம் நாள் திறந்தாள். தண்ணீர்த் தட்டில் வெள்ளை வேர்கள் பின்னிக் கிடந்தன. கரைசல் தட்டில் எல்லா விதையும் முளைத்து, முளைத்த இடத்திலேயே நின்றிருந்தது. வேர் நுனிகள் பழுப்பேறி, அணைந்த தீக்குச்சி போலிருந்தன. பக்க வேர் ஒன்றுகூட இல்லை. அங்கே ஒன்பது சென்டிமீட்டர், இங்கே ஒன்றரை.

படிவத்தில் ஒரு பொய்யும் இல்லை. தொண்ணூற்றாறு உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் இத்தனை பேரை ஏமாற்றியிருந்தார்கள், அவள் கையாலேயே.

மேலாளரிடம் தட்டுகளைக் கொண்டுபோனாள். எந்த வேலையும் நேற்றே முடிந்திருக்க வேண்டும் என்பவர். ஊழியர்கள் வைத்த பெயர் 'நேத்து'. தட்டை ஏன் கழுவவில்லை என்றுதான் முதலில் கேட்டார்.

"படிவத்துல வேருக்குக் கட்டம் இருக்காம்மா?"

"இல்ல சார்."

"இல்லாததை எதுக்கு அளக்குற?"

"செடி வேர்லதான சார் நிக்குது, கட்டத்துல நிக்கலையே."

மண்ணில் போட்டால் கரைசலின் வீரியம் அடங்கிவிடும் என்றார் அவர். பண்ணையின் நாற்றுத் தட்டில் மண்ணே கிடையாது, வெறும் தேங்காய் நார்த்தூள் என்றாள் இவள். அவர் புதுப் படிவத்தைத் தள்ளினார். அதே கரைசலின் அடுத்த சரக்கு, மறுபடியும் மூன்றாம் நாள் கணக்கு. அவள் அதன் ஓரத்தில் தான் அளந்த ஏழாம் நாள் வேர் நீளத்தை எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் அதைக் கிழித்துவிட்டு இன்னொன்றை நீட்டினார். அதை அவள் தொடவில்லை.

அவர் மேசைக்கு எதிரிலேயே நின்று அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தக் கரைசல்ல இனிமே ஒரு விதையும் ஊற வைக்காத. தப்பு உன் தண்ணியில இல்ல. நான்தான் மூணாம் நாளோட நிறுத்திட்டேன்."

நாற்று வாங்கியவர்கள் தன் வாசலில் நிற்பதாக அக்கா சொன்னாள். "நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீயே சொல்லு."

தொலைபேசி கைமாறியது; ஒரு முரட்டுக் குரல், நீங்க யாரும்மா என்றது. மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அந்தக் கரைசலைச் சோதிச்சவ நான்தான். ஆளுக்கு ஒரு செடியை வேரோட பிடுங்கி இங்க கம்பெனிக்கு எடுத்துட்டு வாங்க," என்றாள் அவள். "நான் வாசல்ல நிக்கிறேன்."