ரீஹானின் பின்னங்காலும் என் பூட்டும்

எங்கள் ஊரில் ஒரு குதிரையைக் கெடுக்க விஷம் வேண்டாம். "என்ன அழகு!" என்று சொல்லிவிட்டு, கூடவே "மாஷா அல்லாஹ்" சொல்லாமல் இருந்தால் போதும், கண் பட்டுவிடும். என் பக்கத்து வீட்டுக்காரன் அப்துல் மவ்ஜூத் அதைத்தான் செய்தான். ஜிர்ஜா நகரத்தில் ஒரு கல்யாணம். மிஸ்மார் குழலுக்கு என் குதிரை ரீஹான் பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் இறக்கி, முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடியது. அவன் வாயைப் பிளந்துகொண்டு என்னிடம், "கலஃப், இதோட இடுப்பைப் பாருய்யா!" என்றான். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மாஷா அல்லாஹ் வரவே இல்லை.

ஒரே வாரத்தில் ரீஹான் பின்னங்கால்களைக் கட்டை மாதிரி இழுக்க ஆரம்பித்தது. என் மகள் ஹானிமின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. தன் ஊர்வலத்துக்கு முன்னால் ரீஹான் ஆட வேண்டும் என்று ஏழு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவள் அவள்.

கால்நடை மருத்துவர் வஜ்தி வந்தார். பின்னங்காலை மடக்கிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, விட்டு, ஓடவிட்டுப் பார்த்தார்.

"மூட்டு தேஞ்சிருக்கு. இத்தனை வருஷமா அதுலதானே பாரத்தைப் போட்டு ஆடுது? மருந்து தர்றேன். வாற்கோதுமையைக் குறை, உடம்பு ஏறக் கூடாது. முக்கியமா, கட்டிப் போடாதே. தினமும் மெத்துன்னு இருக்கிற மண்ணுல மெதுவா நடத்து. நின்னா இறுகும், நடந்தா இளகும்."

"ஆடுமா, டாக்டர்?"

"முதல்ல நடக்கட்டும்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. இதே வஜ்திதான் போன வருஷம் அப்துல் மவ்ஜூதின் பெண்குதிரைக்கு வைத்தியம் பார்த்தவர். அவன் வீட்டு வாசலில் டீ குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். குதிரையை வெளியே கொண்டுவந்தால் யாருக்கு வசதி? கண் வைத்தவனுக்குத்தானே? மருந்தைக் குதிரைக்குக் கொடுத்தேன், அறிவுரையைக் காற்றில் விட்டேன்.

லாயத்துக்குப் பூட்டுப் போட்டேன். ஜன்னலுக்குச் சாக்கு, கழுத்துக்குக் கண் படாமலிருக்க நீலப் பாசிமணி, நெற்றிக்கு இன்னொரு நீல மணி. கயிற்றையும் குட்டையாகக் கட்டினேன். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில், இன்னொன்று என் மனைவி நஜாத்திடம். கட்டிய மனைவியையுமா சந்தேகப்படுவது? கொஞ்சம் பட்டேன்தான், ஆனாலும் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் ரீஹானால் லேசில் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்று, பின்பக்கம் நடுங்க நடுங்கத்தான் எழும். என்ன கண்ணடா இது, சாக்கையும் துளைத்துக்கொண்டு வருகிறதே என்று மூன்றாவது மணியையும் கட்டினேன்.

அப்புறம் குதிரை தேற ஆரம்பித்தது. வேறு எவனாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பான். நான் குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே வாய்க்கால் கரையின் ஈர வண்டல். எவனோ என் குதிரையை எடுத்துக்கொண்டு போகிறான்!

விடியற்காலைத் தொழுகைக்குப் போனால் வெயில் ஏறும்வரை பள்ளிவாசலில் பேசிவிட்டு வருவது என் வழக்கம். அன்று தொழுகை முடிந்ததும் திரும்பி வந்து, பேரீச்ச மரத்தின் பின்னால் தடியோடு ஒளிந்துகொண்டேன்.

லாயம் திறந்தது. ரீஹானைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது நஜாத். கரையில் மெதுவாக நடத்தினாள். வாய்க்காலுக்கு அக்கரையில் அப்துல் மவ்ஜூத் தன் பெண்குதிரையை நடத்திக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் பார்க்காமலே குரல் கொடுத்தான்.

"ஹானிம் அம்மா, திருப்புறப்ப வளைவு பெருசா இருக்கட்டும். சட்டுனு திருப்பினா மூட்டு வலிக்கும்."

"திருட்டுப் பயலே!" என்று பாய்ந்தேன். நடுவில் தண்ணீர் இருந்ததால் கத்தத்தான் முடிந்தது.

"எதைய்யா திருடினேன்? உன் குதிரையோட நொண்டலையா?" என்றான் அவன். "வச்சுக்கோ. என் குதிரை பட்டதே எனக்குப் போதும்."

"அவரை ஏன் திட்டுறீங்க? டாக்டர் சொன்னதை நான்தான் செய்யறேன்," என்றாள் நஜாத்.

"வெளிய கொண்டுவராதேன்னு சொன்னேன்ல? கண்ணு பட்டிருக்குடி!"

"யார் கண்ணு? அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுக்கு நொண்டிச்சு, சரி. பூட்டின லாயத்துக்குள்ள மூணு வாரம் இதைப் பார்த்துக்கிட்டே இருந்தது நீங்க ஒருத்தர்தான். அப்பதானே எழுந்திருக்கவே முடியாமப் போச்சு?"

கயிற்றை வாங்கக் கையை நீட்டினேன். ரீஹான் இரண்டடி பின்வாங்கியது. மறுபடி உள்ளே கட்டிப்போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டது. நான் குட்டியிலிருந்து வளர்த்த குதிரை என்னைப் பார்த்துப் பயந்தது.

தடியைப் போட்டுவிட்டுக் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடந்தேன். வளைவைப் பெரிதாகவே எடுத்தேன். அன்றிலிருந்து தினமும் நான்தான் நடத்துகிறேன், எல்லோர் கண் முன்னாலும்.

ஹானிமின் கல்யாணத்தில் ரீஹான் ஆடவில்லை. மிஸ்மார் கேட்டதும் அது முன்னங்காலைத் தூக்கப் பார்த்தது; நான்தான் கழுத்தைத் தட்டி அடக்கினேன். ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தது, பின்னங்கால் இழுக்காமல், கடைசிவரை. ஹானிம் வண்டியிலிருந்து இறங்கி வந்து அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

கூட்டத்தில் அப்துல் மவ்ஜூத் நின்றிருந்தான். எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்க, "மாஷா அல்லாஹ்!" என்றான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

ஒரு தடவை போதாதா? எதற்கு மூன்று?