முன் அச்சில் வடித்த எண்ணெய்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, எட்டிப் பார்த்தேன். எங்கள் வறண்ட ஊரான லோட்வாரில் மெக்கானிக் வஞ்சாலாவின் வண்டிப் பட்டறைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான். போன்களுக்குச் சார்ஜ் ஏற்றுவது என் பிழைப்பு, கதை எழுதுவது என் வியாதி. தகரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை அடைக்கச் சொல்லி என் மனைவி அலுத்துவிட்டாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழையே வராத ஊரில் ஒருவன் வெள்ளத்தில் செத்தான்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதியவன் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும் சத்தமும் கூடவே கேட்கிறது. அடித்துவிட்டேன்.

அடுத்து: "லோக்வாங் நல்ல நீச்சல்காரன், ஆனாலும் அன்றைக்கு…" பொய். ஏரிக்கரைக்காரர்களை விட்டால் எங்களில் யாருக்கு நீந்தத் தெரியும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். காட்டாற்றில் தண்ணீர் ஓடும்போது கடக்க வேண்டுமென்றால், ஒருவன் இறங்கி வண்டிக்கு முன்னால் நடந்து ஆழம் பார்ப்பான். அன்றைக்கு நடந்தவன் லோக்வாங். பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் அவன் தம்பி எபேய். வேறு யாரும் இல்லை. மலைப் பக்கம் பெய்த மழையின் வெள்ளம் திடுமென்று வந்து லோக்வாங்கை அடித்துக்கொண்டு போனது. உடம்பு வெகுதூரம் தள்ளி ஒரு முள்மரத்தில் மாட்டிக் கிடந்தது.

எபேய் சொல்வது: அண்ணனைப் பிடிக்க வண்டியை உள்ளே இறக்கினேன், முன் சக்கரங்கள் முழுகின, வண்டி பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது, பின்னால் எடுத்துவிட்டேன். ஊர் சொல்வது: அவன் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

2

லோக்வாங்கின் மனைவி பெயர் அருபே. எங்கள் வழக்கப்படி துக்கம் கழிந்ததும் அவள் செத்தவனின் தம்பி வீட்டுக்குப் போய் வாழ வேண்டும். அதாவது எபேயுடன். பெரியவர்கள் மரத்தடியில் பேசி முடித்துவிட்டார்கள். எபேய் சரி என்றான். அருபேயை யாரும் கேட்கவில்லை.

(இந்த இடத்தில் அவள் பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று பேசுவதாக ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அருமையான பேச்சு. ஆனால் அது என் பேச்சு. கிழித்துப் போட்டேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும்.)

3

அவளுக்கு ஓட்டத் தெரியாது. எபேயே பட்டறைக்கு ஓட்டி வந்தான்.

"மூணு எடத்துலயும் மாத்திடுங்கண்ணே," என்றாள் வஞ்சாலாவிடம். "பின்னாடி, நடுவுல, முன்னாடி."

பின் அச்சிலும் முன் அச்சிலும் ஒவ்வொரு டிஃபரன்ஷியல், சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி. நடுவில் நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பங்கிடும் டிரான்ஸ்ஃபர் கேஸ். லோக்வாங் மூன்றின் எண்ணெயையும் தன் கையாலேயே மாற்றுவான், அவள் பக்கத்தில் குந்தித் தட்டைப் பிடித்துக்கொள்வாள். அச்சு தண்ணீரில் முழுகினால் தண்ணீர் உள்ளே ஏறும், எண்ணெய் பால் டீ நிறத்துக்கு வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். எபேய்க்கும் தெரியும்.

"இப்ப எதுக்கு அண்ணி? வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுறது தெரியுது. எதுவரைக்கும் ஓடுச்சுன்னு பாக்கணும்ல."

வஞ்சாலா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். "எம்மா, நான் மெக்கானிக்கு. போலீசு இல்ல."

"ஸ்பேனர் இருக்குல்ல? அது போதும்."

பின் அச்சைத் திறந்தான். கறுத்த எண்ணெய், தண்ணீர் இல்லை. நடுப் பெட்டியிலும் அப்படித்தான். மூக்கை மட்டும் நுழைத்துவிட்டுப் பின்வாங்கிய வண்டிக்குப் பின்பக்கம் நனைந்திருக்காது. கரையிலேயே நின்ற வண்டிக்கும் நனைந்திருக்காது. ஆக, மிச்சம் முன் அச்சு. எபேய் சொன்னது உண்மையென்றால் அது கலங்கியிருக்க வேண்டும்.

4

இங்கே எனக்கு எபேய் மேல் சந்தேகம் வந்தது. ஊருக்கு வந்த சந்தேகம் வேறு. எழுதுகிறவனாக எனக்கு வந்தது வேறு. முதல் பிரதியில் அவனுக்கு ஒரு திருட்டு முழி கொடுத்திருந்தேன். அநியாயம். அவன் தூங்காதவன் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சாகட்டும் என்று விட்டவனுக்கும் தூக்கம் வராது, காப்பாற்றப் போய்த் தோற்றவனுக்கும் வராது. முகத்தை வைத்து எழுதுவதை அதோடு விட்டேன்.

வஞ்சாலா எப்போதும் மேல் போல்ட்டைத்தான் முதலில் கழற்றுவான். புது எண்ணெய் ஊற்ற வழி இருக்கிறதா என்று பார்க்காமல் அடியில் வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து அசையாவிட்டால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். (நான் கதைகளை அடியிலிருந்து வடிக்கிறவன். என் மேசையில் நகராமல் எத்தனை கிடக்கின்றன தெரியுமா?)

ஸ்பேனரை வைத்தவன் கையை எடுத்தான்.

"இத யாரோ தொறந்திருக்காங்க."

மற்ற போல்ட்டுகளில் சேறும் துருவும் அப்பியிருந்தன. இதன் தலை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"நாந்தான்," என்றான் எபேய். "மறுநா காலைல. தண்ணி ஏறிடுச்சான்னு வெரல விட்டுப் பாத்தேன். ஏறியிருந்துச்சு."

"அப்ப ஏன் மாத்தல?"

"அண்ணனத் தேடிக்கிட்டு இருந்தோம் அண்ணி. அன்னைக்கு ஆயில் மாத்தவா தோணும்?"

"வெரல விட்டுப் பாக்க மட்டும் தோணுச்சு."

வஞ்சாலா அடி போல்ட்டைக் கழற்றினான். தட்டில் விழுந்தது பால் டீ.

எபேய் எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். "பாத்தீங்களா அண்ணி… ஊரே என்னக் காறித் துப்புது… பாத்துக்கங்க…"

அவள் குனிந்து அவன் தலையில் கை வைத்தாள். "எந்திரி…" என்று…

இல்லை. வைக்கவில்லை. வைத்திருந்தால் எனக்கு இங்கேயே கதை முடிந்திருக்கும், நிம்மதியாகக் கடையைச் சாத்தியிருப்பேன்.

5

விரலை விட்டுப் பார்க்கும் ஓட்டை வழியாக ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, வெள்ளம் ஏறியதாகக் காட்டவும் முடியும். எனக்கு இது தோன்றச் சற்று நேரமானது. அருபேக்கு முன்பே தோன்றிவிட்டது.

"அண்ணே, இது எந்தத் தண்ணின்னு கண்டுபுடிக்க முடியுமா?"

வஞ்சாலாவுக்குச் சொல்ல மனமில்லை. சொன்னான். "ஒரு புட்டில புடிச்சு ஆடாம வையி. கொஞ்ச நாள்ல தண்ணி அடியில எறங்கிரும். வெள்ளத் தண்ணின்னா கூடவே செவப்பா வண்டல் படியும். கொழாத் தண்ணின்னா தெளிவா நிக்கும்."

எபேயின் அழுகை நின்றது. புண்பட்டு நின்றதா பயந்து நின்றதா என்பது தகரத்து ஓட்டை வழியாகத் தெரியவில்லை.

(வெள்ளத் தண்ணீரையே மொண்டு ஊற்றியிருந்தால் என்று கேட்பீர்கள். மறுநாள் காலையில் ஆறு வெறும் மணல். இதற்கு மேல் என்னைக் குடையாதீர்கள்.)

அருபே சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். "கண்ணாடிப் புட்டி ஏதாச்சும் இருக்கா?" பேனாக்களைக் கொட்டிவிட்டு ஜாம் புட்டியைக் கொடுத்தேன். இந்தக் கதைக்கு நான் செய்த ஒரே உதவி அதுதான்.

6

ஒரு முடிவு: சிவப்பு வண்டல் படிகிறது. அவள் எபேயிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அவன் வீட்டுக்குப் போகிறாள்.

இன்னொரு முடிவு: தெளிந்த தண்ணீர் நிற்கிறது. புட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியவர்களிடம் போகிறாள். "தண்ணி தண்ணிதானேம்மா" என்கிறார்கள். அவன் வீட்டுக்குப் போகிறாள்.

இரண்டையும் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது படிந்தாலும் அவள் போய்ச் சேரும் வீடு ஒன்றுதான். இரண்டையும் அடித்தேன்.

7

அவள் போய்விட்டாள். இப்போது எபேயின் வீட்டில்தான் இருக்கிறாள். சார்ஜுக்கு விட்டிருந்த அவள் போனைக் கொடுக்கிற சாக்கில் ஒரு நாள் போனேன். முடிவு தேடிப் போனேன் என்று உங்களுக்குத் தெரியும்.

தகரப் பெட்டியின் மேல் என் ஜாம் புட்டி. அடியிலிருந்து வாய் வரைக்கும் அதே பால் டீ நிறம்.

"இத்தன நாளாகியுமா தெளியல?"

அவள் புட்டியை எடுத்து இரண்டு கையாலும் நன்றாகக் குலுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"நான் விட்டாத்தானே தெளியும்."

கொண்டு போன போனைப் பெட்டியின் மேல் வைத்தேன்.

"தெளிஞ்சு ஒண்ணு தெரிஞ்சிருச்சுன்னா நான் எங்க போறது? நீங்க சொல்லுங்க. கத எழுதுறவரு."

வெளியே எபேய் வண்டியைக் கிளப்பும் சத்தம். அது தூரமாகும் வரை அவள் வாசலையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கம்மாவப் பாக்கப் போயிட்டு ரொம்ப நாள் கழிச்சு வந்தேன். இந்நேரம் படிஞ்சிருக்கும், கண்ண மூடிக்கிட்டே குலுக்கிரணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். வந்து பாத்தா கலங்கித்தான் இருந்துச்சு. இந்த வீட்ல வேற யாரு இருக்கா?"

"கேட்டியா அவன?"

"கேக்கல."

தப்பு செய்யாதவன் எதற்காகக் குலுக்க வேண்டும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். தெளிந்துவிட்டால் அவள் எங்கே போவாள் என்று அவனும் யோசித்திருக்கலாமே என்றும் யோசித்தேன். எழுதி எழுதிப் பார்த்ததில் நானும் அதைத்தான் குலுக்கிக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

இனி புட்டி உங்கள் மேசையில். ஆடாமல் வைத்தால் தெளிந்துவிடும். வைப்பதற்கு முன், தெளிந்தால் அதை அவளிடம் யார் போய்ச் சொல்வது என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் போக மாட்டேன்.