மாடியில் ஓடும் தையல் இயந்திரம்

அன்று டாக்டரம்மாவின் அறையில் இருந்தவர்கள் நால்வர்: டாக்டரம்மா, எங்கள் தையற்கடைப் பெரியவர், அவர் மனைவி, அவருடைய தம்பி. பிறகு தெருவில் வாய் கிழியப் பேசியவர்கள் எவரும் அங்கே இல்லை.

சில வாரங்களாகவே கடை மாடியில் ஏதோ சரியில்லை. தம்பியின் தையல் இயந்திரம் பாதித் தையலில் நின்றுவிடும். அண்ணி எட்டிப் பார்த்தால், அவர் ஆளுயரக் கண்ணாடியின் முன் நிற்பார், சுவரோரத்து உடுப்புப் பொம்மைகளில் ஒன்றைப் போல, அசையாமல். காலையில் முகம் ஊதிக் கண்கள் புதைந்திருக்கும். மாலையில் அந்த வீக்கம் மெல்லக் கால்களுக்கு இறங்கியிருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும், மேலெழாது.

"அண்ணி, கண்ணாடியில இவன் யாரு? என் சட்டைய மாட்டிக்கிட்டு நிக்கறான்."

"பட்டப்பகல்ல பயமுறுத்தாதீங்க தம்பி! கெளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்."

ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்: "கிட்னி கெட்டுக்கிட்டு வருது. வேற என்ன மாத்திரை சாப்பிடறார்?"

"சத்து மாத்திரை," என்றார் பெரியவர்.

"பேரு?"

பெயர் இல்லை. வெளியூர் போய் மாத்திரை வாங்கி வருபவர் பெரியவர்தான். வந்ததும் லேபிளை உரித்தெறிந்து, மாத்திரைகளைப் பொத்தான் டப்பாவில் கொட்டிவிடுவார். கடையாட்கள் கண்ணில் படக்கூடாது.

தம்பி அண்ணனைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பெரியவர் சொல்லாமல் சின்னவர் வாய் திறப்பதில்லை, உயிர் போனாலும்.

"உங்க மானத்தக் காப்பாத்திட்டு, தம்பிய மூட வெள்ளைத்துணி வெட்டப் போறீங்களா?" என்றாள் பெரியவரின் மனைவி.

பெரியவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் உடைந்தது. "எச்.ஐ.வி. மாத்திரை. பேர உரிச்சது நான்தான்."

"அந்தக் கிருமியும் கிட்னியக் கெடுக்கும், அதுக்கான சில மாத்திரையும் கெடுக்கலாம். தெரிஞ்சாத்தானே மாத்திக் குடுக்க முடியும்? நீங்களா நிறுத்திடக் கூடாது. ரத்தம், சிறுநீர் டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்கணுமே, இதுக்கு முன்னாடி எடுத்தீங்களா?"

"யாராவது பாத்துருவாங்கன்னு கூட்டிட்டுப் போகல."

மருந்து மாறியது. கிட்னி முழுதாகத் தேறவில்லை. மேலும் கெடாமல் நின்றது. புதுப் புட்டி லேபிளோடு இப்போது கடை மேசையில் இருக்கிறது. முகம் சுளித்த வாடிக்கையாளரிடம் பெரியவர் சொன்னார்: "நோய் எங்க குடும்பத்துக்கு அவமானம் இல்லீங்க. அத டாக்டர்கிட்ட மறைச்சேன் பாருங்க, அதுதான் அவமானம்."

தம்பி இறந்துவிட்டார் என்றும், அந்தியில் மாடியில் இயந்திரம் தானாக ஓடுகிறது என்றும் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். ஓட்டுவது தம்பிதான்.