தலைமைத் தண்டனை

செஞ்சி மலைகளின் பாறைமுகடுகளில் வைகறைச் செவ்வொளி படர்ந்து, கோட்டை மதிலின் நிழல் கழனிகளைவிட்டு மெல்ல விலகும் வேளையில், அனந்தபுரம் செல்லும் பேருந்து ஒருபோதும் நில்லாத சிற்றூர் ஒன்று விழித்தெழுந்தது. நல்லீர், நிலப்படத்தில் அவ்வூரைத் தேடி இளைக்க வேண்டா. பிற ஊர்களில் தலைவரான பின் திருடுவர். இவ்வூரிலோ திருடியவரையே தலைவராக்கித் தண்டிப்பர். ஓராண்டு ஊர்ச்சுமை சுமந்து, ஏச்சும் பேச்சும் கேட்டு அல்லற்படுவதினும் கொடிய தண்டனை வேறில்லை என்பது அன்னார் துணிபு.

கோழி திருடி அகப்பட்ட ஒருவன் அவ்வாண்டு தலைமையேற்று, ஏரிக்கால்வாய் தூர்ந்து கிடக்க, தன் விடுதலை நாளையே எண்ணிக் கண்ணீர் உகுத்திருந்தான். கடைமடையில் மீனம்பாளின் நெற்பயிர் பால்பிடிக்குமுன்னரே கருகியது. இன்னும் ஈராண்டு விளைச்சல் பொய்த்தால் நிலத்தை விட்டு வெளியேறுவதன்றி அவளுக்கு வேறு வழியில்லை. தூர்வார ஆள்திரட்டும் ஆணை தலைமைக்கே உரியதாகலின், அவள் திருடத் துணிந்தாள்.

அண்ணன் தாண்டவராயன் தோட்டத்துப் பூசணியைப் பட்டப்பகலில் பறித்து, தலையில் சுமந்து தெருவழியே நடந்தாள். மன்றம் கூடியது. உடன்பிறந்தாள் தண்டனைக்கு ஆளாவதைப் பொறாத அண்ணன் எழுந்தான்.

"நான்தான் எடுத்துக்கினு போவச் சொன்னேன். பொறந்த வூட்டுல பறிச்சா அது திருட்டா?"

மன்றம் அவளை விடுவித்தது. மீனம்பாள் பல்லைக் கடித்தாள். நடுவர் ரங்கநாதன் வாயிலில் கழற்றியிருந்த புதுச்செருப்பை, அவையோர் பார்த்திருக்கவே காலில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

"இதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றாள் திரும்பி.

தண்டித்தே தீரவேண்டியதாயிற்று.

ஆண்டு முழுதும் மண்வெட்டியும் கையுமாய் நின்று, சோம்பியவரை இழுத்து வந்து, அவர்தம் வசவைக் காதில் வாங்காமல் வேலை வாங்கினாள். மேல்மடையும் நடுமடையும் நனைந்தன. கடைமடைக்கு நீர் எட்டுமுன்னரே தண்டனைக்காலம் முடிந்துபோயிற்று.

விடுதலை மன்றத்தில் நடுவர் தம் செருப்பை மடியில் பொத்தி அமர்ந்திருந்தார். முன்னெச்சரிக்கையாய் ஏனையோரும் அவ்வாறே அமர்ந்திருந்தனர்.

"வூட்டுக்குப் போம்மா. பட்டது போதும்," என்றார் அவர்.

மீனம்பாள் அசையவில்லை. தாண்டவராயன் எழுந்து வந்து, தேய்ந்த தன் செருப்பை அவள் காலருகே கழற்றிவிட்டு, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இந்த வாட்டி நான் குடுக்கல, மீனம்பா," என்றான்.

அளவிற் பெரிதாயினும் அச்செருப்பை மாட்டி நடந்து, மீண்டும் ஓராண்டுத் தண்டனை பெற்று அவள் கால்வாய்க் கரையேறினாள். தலைமையைத் தண்டனையெனக் கருதும் ஊர் நகைப்புக்குரியதே. ஆயினும் அதனைச் சுமக்க அஞ்சாதாள் ஒருத்தி அங்கிருந்தமையால், அவ்வாண்டு கடைமடையும் நனைந்தது.