கூரைக்கு அடித்த ஃபிளாஷ்

விடிந்தால் என் அக்காவுக்குக் கல்யாணம். விடிவதற்குள் எந்த ஃபிளாஷோடு மேடை ஏறுவது என்று நான் முடிவு செய்தாக வேண்டும். தப்பாக முடிவு செய்தால் தாலியில் மூன்றாவது முடிச்சுப் போட ஆள் இருக்காது. அதற்காகக் கல்யாணம் நின்றுவிடுமா என்று கேட்டுப் பார்த்தேன். அம்மா நிற்கும் என்கிறாள். அப்பா நிற்காது என்கிறார். எத்திராஜ் மாமா "பாத்துக்கலாம்" என்கிறார். இந்த மூன்றில் மாமா சொல்வதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

பூந்தமல்லி மண்டபத்தின் மணமகள் அறையில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. உங்களிடம் சொன்னாலாவது ஒரு முடிவுக்கு வர முடிகிறதா என்று பார்க்கிறேன்.

என் பெயர் கிருஷ்ணப்பிரியா. வீட்டில் கிச்சு. ப்ளஸ் டூ முடித்திருக்கிறேன். ஒரு வருஷமாகப் பழைய கேமரா ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எங்கள் பருத்திப்பட்டு ஏரியில் இருக்கும் பறவை, எருமை, ஆகாயத்தாமரை எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டேன். கல்யாணம் நிச்சயமானதும் மோகனப்பிரியா அக்கா ஒரே பிடியாக நின்றாள்.

"ஸ்டூடியோக்காரன் வேணாம். அவன் எடுத்தா மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி வருது. கிச்சு எடுக்கட்டும். அவ எடுத்தாத்தான் நான் நான் மாதிரி கீறேன்."

கேமராவின் தலையில் தானாக எழுந்து நிற்கும் குட்டி ஃபிளாஷ் மண்டபத்துக்குப் பத்தாது, தனியாக ஒன்று வாங்கி மேலே மாட்ட வேண்டும் என்றேன். அதைச் சொன்னதுதான் தாமதம், நிலம் வாங்குவது போல வீட்டில் பேச்சுவார்த்தை ஆரம்பமாகிவிட்டது. திருவேற்காட்டில் பிளாட் போட்டு விற்கும் எத்திராஜ் மாமா அதற்கென்றே பைக்கில் வந்தார்.

"எவ்ளோ பெருசு?" இதுதான் மாமாவின் முதல் கேள்வி.

"பெருசு முக்கியம் இல்ல மாமா."

"யாரு சொன்னது? கையில பெருசா ஒண்ணு இருந்தாத்தான் ஃபோட்டோகிராபர்னு வழி உடுவான். இல்லாங்காட்டி பாத்திரம் கழுவ வந்த பொண்ணுன்னு நெனச்சிக்குவான்."

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்க்காமல் நம்ப மாட்டார். "வெயிட்டு இன்னா வரும்?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு வேறு கவலை. "அத்த போட்டா மூஞ்சி செவப்பா உழுமா?"

"நான் கறுப்பும்மா," என்றாள் அக்கா. "ஃபிளாஷ் இன்னா பண்ணும்?"

"அதுக்குத்தானே ஃபிளாஷே வாங்குறோம்."

நான் பொறுமையாக விளக்கினேன். வெளிச்சத்தை நேராக முகத்தில் அடித்தால் மூக்கு மினுங்கும், கண் கூசும், பின்னால் சுவரில் கறுப்பாக நிழல் விழும். தலை திரும்புகிற ஃபிளாஷாக வாங்கி வெள்ளைக் கூரையைப் பார்த்து அடித்தால், வெளிச்சம் அங்கே பட்டுப் பரவி மெதுவாக எல்லோர் மேலும் இறங்கும். கறுப்பு கறுப்பாகவே அழகாக வரும். தலை திரும்ப வேண்டும், அடுத்த படத்துக்குச் சீக்கிரம் சார்ஜ் ஏற வேண்டும், நமக்குத் தேவை இந்த இரண்டுதான்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார். "துட்டு குடுத்து வாங்குறது நாம. வெளிச்சம் கூரைக்கா?"

கடைசியில் அப்பாவும் நானும் ரிச்சி தெருவுக்குப் போய், தலை திரும்புகிற சின்ன ஃபிளாஷை வாங்கினோம். அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "ஒண்ணுமே இல்லியே" என்று கடைக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தார். அடுத்த வாரம் மாமா தன் பங்குக்கு, ஆவடியில் மூடப்போகும் ஸ்டூடியோவிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். மேஜை ஆடியது. இரும்புக் கைப்பிடி, அதன் மேலே பெரிய தலை, பார்க்கச் சுத்தியல் மாதிரியே இருந்தது. சுவிட்சைப் போட்டால் கொசு கூட்டமாக வருவது போல "ஙொய்ய்" என்று ஒரு சத்தம். அதன் கழுத்து எந்தப் பக்கமும் திரும்பாது.

"இதான் ஃபிளாஷு," என்றார் மாமா. அப்பா தூக்கிப் பார்த்து முதல் தடவையாகத் திருப்தியாகச் சிரித்தார்.

இன்று சாயங்கால ரிசப்ஷனுக்கு நான் சின்னதைத்தான் மாட்டினேன். மண்டபத்துக் கூரை பால் மாதிரி வெள்ளை. அக்கா மேடையில் நின்றாள். ஒவ்வொரு படமும் நினைத்தபடி வந்தது. பட்டுப் புடவையின் மடிப்பு, மாப்பிள்ளை டில்லிபாபு மாமாவின் பயந்த சிரிப்பு, அக்காவின் கன்னத்து நிறம், எல்லாமே. எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அது கொஞ்ச நேரம்தான் நீடித்தது.

எத்திராஜ் மாமாவின் கட்சியில் வட்டச் செயலாளர் பரந்தாமன் பத்துப் பேரோடு மேடை ஏறினார். மாமா ஓடிவந்து என் கேமராவைப் பிடித்தார்.

"பாப்பா, தலைவருக்குக் கூரைக்கு அடிச்சி அசிங்கம் பண்ணிடாத." சொல்லிக்கொண்டே ஃபிளாஷின் தலையை அவரே முன்பக்கம் மடக்கிவிட்டார். அடித்தேன். பரந்தாமன் கண் கூசி, கையால் படியைத் துழாவிக்கொண்டு, ரொம்பச் சந்தோஷமாக இறங்கிப் போனார். நான் தலையை மறுபடியும் கூரைப் பக்கம் திருப்பினேன்.

அவருக்கு அடுத்து வரிசையில் நின்றது பூங்காவனம். மாப்பிள்ளையின் சொந்த அக்கா, நசரத்பேட்டையில் கட்டிக்கொடுத்தவர். நாளைக்கு மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டதும் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார். கணவரோடு வந்து நின்றார், எடுத்தேன். அவர்கள் நகரவில்லை.

"எடும்மா," என்றார்.

"எடுத்துட்டேன்க்கா."

"எங்க எடுத்த? அடிக்கவே இல்லியே."

"அடிச்சிதுக்கா. மேல கூரைல அடிச்சி, அங்கேருந்து உங்க மேல..."

பூங்காவனம் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அவர் கணவரும் பார்த்தார். மாப்பிள்ளையும் பார்த்தார். நாதஸ்வரக்காரர்கூட ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"மேல யாரு கீறாங்க?" என்றார் பூங்காவனம்.

நான் கேமராவின் பின்பக்கத் திரையில் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"அத்த அப்பால பாத்துக்கலாம். இப்பத்தானே கட்சிக்காரருக்கு மூஞ்சிலயே அடிச்ச? கண்ணு கூசி தடுமாறி எறங்குனாரு, நான் பாத்துகினுதானே நின்னேன். சொந்த நாத்தனாருக்குன்னா கூரையா? சீர் தூக்கிகினு வந்தவளுக்கு ஒரு வெளிச்சத்துக்கு வக்கு இல்ல."

மேடையை விட்டு இறங்கி, மண்டபத்தின் நடுவில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். "காலைல மூணாவது முடிச்சி யாரு போடுறாங்கன்னு பாக்குறேன். கூரையையே கூப்ட்டு போடச் சொல்லுங்க."

இது பந்தி வரைக்கும் போய்விட்டது. ஏற்கெனவே படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். "எங்களுக்கும் மேலதான் அடிச்சியாமே?" மாப்பிள்ளையின் பெரியப்பா பாதி இலையில் எழுந்து வந்து, சாம்பார் சாதம் ஒட்டிய வலது கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மேடையில் நின்றார். வரிசை வாசல் வரை நீண்டது. சமையல்காரர் கரண்டியோடு வந்து, யாரும் சாப்பிடவில்லை, பாயாசத்தை என்ன செய்வது என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன்.

மாமா தன் சுத்தியல் ஃபிளாஷோடு வந்தார். என் சின்ன ஃபிளாஷைக் கழற்றிவிட்டு, சுத்தியலைக் கேமராவின் பக்கத்தில் முடுக்கி, வயரைச் சொருகினார். "இப்ப அடி பாக்கலாம்."

அடித்தேன். மேடையே ஒரு நொடி வெளுத்தது. பெரியப்பா "ஆங்" என்றார். கூட்டத்தில் ஒரு திருப்தி பரவியது. "இது அடி," என்று யாரோ சொன்னார்கள். ஒவ்வொருவராக வந்து நின்று, அடி வாங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

திரையைப் பார்த்தேன். எல்லோருக்கும் கண் மூடியிருந்தது. பின்னால் சுவரில் ஆளுக்கு ஒரு நிழல், கூடுதலாகச் சொந்தக்காரர்கள் வந்து நிற்பது போல. அக்கா குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருடி இது?"

"நீதான்."

"மாவுல பொரட்டி எடுத்தா மாதிரி கீது." மறுபடி நிமிர்ந்து சிரித்த மாதிரி நின்றுகொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. வரிசையில் வந்த ஒருவர்கூடப் படத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. அவர்கள் படத்துக்கு வரவே இல்லை, வெளிச்சத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். அப்படியென்றால் சுத்தியல் கேமராவோடு சேர்ந்திருக்க வேண்டிய அவசியம் என்ன? அதன் முதுகில் சோதித்துப் பார்ப்பதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் கேமரா இல்லாமலே அடிக்கும்.

"மாமா, இத்த நீங்களே கையில வெச்சிக்கோங்க. நான் படம் எடுத்துட்டுத் தலையாட்டுவேன். நீங்க பொத்தான அமுக்குங்க."

மாமாவுக்குக் குழப்பம். "அப்ப இந்த வெளிச்சம் படத்துல உழாதே?"

"உழாது."

"ஜனங்க மேல உழும்?"

"நல்லா உழும்."

மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுத்தியலை மார்புக்கு நேராகப் பிடித்து என் பக்கத்தில் நின்றார். நான் சின்னதைக் கூரைக்கு அடித்து எடுப்பேன், தலையாட்டுவேன், மாமா முகத்துக்கு அடிப்பார். அக்கா படத்தில் மறுபடியும் அக்காவாக வந்தாள். ஜனங்களும் நகர்ந்தார்கள்.

ஆனால் மாமா கையில் ஒரு பொறுப்பு வந்தால் அதை ஆள் பார்த்துத்தான் பகிர்ந்து கொடுப்பார். தெரிந்தவர்களுக்கு ஒன்று, வேண்டியவர்களுக்கு இரண்டு. திருவேற்காட்டில் பிளாட் வாங்க யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மூன்று. அதையும் எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள் இருந்தார்கள்.

"இன்னா அண்ணாத்தே, அவுங்களுக்கு ரெண்டு அடிச்ச?"

"அவுங்க ஃபேமிலி பெருசுப்பா. பின்னாடி நின்னவங்களுக்கு எட்டணும்ல."

கடைசியில் மாமா நடு மண்டபத்துக்கே இறங்கிப் போய், திரும்பி உட்கார்ந்திருந்த பூங்காவனத்தின் முன்னால் மண்டியிடாத குறையாக நின்று நான்கு தடவை அடித்தார். பூங்காவனம் கண்ணை மூடாமல் வாங்கிக்கொண்டார். பிறகு நிபந்தனையைச் சொன்னார்.

"முடிச்சி போடுறேன். ஆனா நான் போடும்போது எனக்கு மட்டும் தனியா அடிக்கணும். மாப்ளைக்கு இல்ல, பொண்ணுக்கு இல்ல, எனக்கு."

"அடிச்சிடலாம்மா," என்றார் மாமா.

"பொண்ணுக்குப் பின்னாடி நின்னு குனிஞ்சில்ல முடிச்சி போடுவேன்? மூஞ்சி தெரியாது. அதனால நிமிந்து உன்னப் பாத்துகினே போடுறேன்."

பார்க்காமல் முடிச்சுப் போடப் பழக வேண்டும் அல்லவா? பந்தி முடிந்ததும் ஒத்திகை ஆரம்பித்தது. பூங்காவனம் தன் கணவரை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் பூக்கட்டும் நூலைச் சுற்றி, எதிரே மாமாவைப் பார்த்துக்கொண்டே முடிச்சுப் போட்டார். மாமா அடித்தார். "கண்ணு மூடிட்டேன், இன்னொரு தபா." அடித்தார். "முடிச்சி நழுவிச்சி, இன்னொரு தபா." கணவருக்குக் கழுத்து சிவந்ததுதான் மிச்சம். சுத்தியலின் "ஙொய்ய்" சத்தம் மெலிந்து, இழுத்து, கடைசியில் நின்றே போனது.

பென்சில் செல் நான்கும் தீர்ந்துவிட்டன. சாயங்காலம் முழுக்க அடித்ததில் என் சின்ன ஃபிளாஷிலும் அதே கதி. என் பையில் புதுசாக இருப்பது நான்கே நான்கு. சுத்தியலுக்கும் நான்கு வேண்டும், சின்னதுக்கும் நான்கு வேண்டும். மண்டபத்தைச் சுற்றித் திறந்திருப்பது டீக்கடை மட்டும்தான். மற்ற கடைகள் திறப்பதற்குள் தாலி ஏறியிருக்கும்.

இதுதான் என் பயம். சின்னதுக்குப் போட்டால் அக்காவின் கழுத்தில் தாலி ஏறும் படம் அவள் கேட்ட மாதிரியே வரும், ஆனால் மூன்றாவது முடிச்சு இருக்காது. சுத்தியலுக்குப் போட்டால் முடிச்சு இருக்கும். கேமராவின் குட்டி ஃபிளாஷும் நேராக முகத்தில்தான் அடிக்கும், அதனால் படம் எப்படி வருமோ தெரியாது.

அக்கா தூங்கவில்லை என்பது உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது. மருதாணிக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாமாவுக்கே குடு," என்றாள்.

"உன் படம்?"

"மேடையில டியூப்லைட்டு எரியும்ல? அதுல எவ்ளோ வருதோ அவ்ளோ எடு."

"புள்ளி புள்ளியா வரும்க்கா. ரவ கொட்னா மாதிரி."

"ரவ கொட்டட்டும். மாவு வேணாம்." திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "கிச்சு, அந்தம்மா என்கிட்டயும் தெனம் இப்படித்தான் எண்ணிகினு இருக்குமா?"

"நசரத்பேட்டை தூரம்தானேக்கா," என்றேன். தூரம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சின்ன ஃபிளாஷைக் கழற்றி அதன் உறைக்குள் போட்டேன். கேமராவின் தலை மொட்டையாக இருந்தது. அறையில் எரிந்த ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில், கேமரா வெளிச்சத்தை உணரும் திறனை முழுக்க ஏற்றி, அக்காவின் முதுகையும் பின்னலையும் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். ரவைதான். ஆனால் பின்னலுக்குக் கீழே தெரிந்த கழுத்து அவள் கழுத்துதான், அவள் நிறம்தான்.

நான்கு செல்லையும் சுத்தியலுக்குள் போட்டேன். "ஙொய்ய்" என்று உயிர் வந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே அணைத்துவிட்டேன். வெளியே மண்டபத்தில் இன்னும் பேச்சுச் சத்தம் கேட்கிறது. பூங்காவனத்தின் குரல் மாதிரி இருக்கிறது. மாமா வந்து கதவைத் தட்டி இன்னொரு ஒத்திகைக்குக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சுத்தியலைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேல் தலையை வைத்துக்கொண்டேன். கழுத்து வலிக்கிறது. பரவாயில்லை.