கழிவே இல்லாத நிலையம்

எங்கள் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கண்ணாடிக் கேடயம் கிடைத்த கதை இது. அதில் எனக்கும் பங்கு உண்டு. பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆற்றங்கரையில் ஒரு பேட்டரித் தொழிற்சாலை. அதன் தயவில் எங்கள் தண்ணீரில் ஈயம். நிலையத்தின் பெரிய இன்ஜினியர் என் அக்காவின் கணவர். அத்தான்தான் நானோ தூளை வரவழைத்தார். கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்கள். தண்ணீரில் கலந்தால் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் தண்ணீர் காந்தத் தகடுகளுக்கு நடுவே ஓடும். தகடுகள் தூளை ஈயத்தோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். முதல் மாதமே ஈயம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆய்வகத்தில் சோதித்தவள் நான். தலைகால் புரியவில்லை. அதுவரை அக்கா கைக்குழந்தைக்குக் கேன் தண்ணீரில்தான் பால் கரைத்தாள். இனிமேல் குழாய்த் தண்ணீரே போதும் என்று சொன்னதும் நான்தான்.

வில்லங்கம் டிரம்மில் வந்தது. தகடுகளில் வழித்த கரிய சேற்றை டிரம்களில் அடைத்தோம். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை. டிரம்கள் கிடங்கை நிறைத்து, வராந்தாவை அடைத்து, கடைசியில் அத்தான் கார் நிறுத்தும் இடத்தைப் பிடித்தன. அன்றுதான் அவருக்கு மூளை வேலை செய்தது. ஆய்வகத்துக்குச் சொல்லாமல் காந்தத்தை அணைக்கச் சொன்னார். சேறு நின்றது. மூன்று மாதம் ஒரு டிரம்கூட நிறையவில்லை. தலைமை அலுவலகம் அசந்துபோய், 'கழிவே இல்லாத நிலையம்' என்று பொறித்த கேடயத்தைக் கொடுத்தது.

என் சோதனையிலும் ஈயம் ஏறவில்லை. எப்படி ஏறும்? விதிப்படி, தண்ணீரை முதலில் வடிதாளில் வடிகட்ட வேண்டும். ஈயத்தைப் பிடித்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு தாளிலேயே தங்கிவிடும். தாள் குப்பைக்கு, எண் ரிப்போர்ட்டுக்கு. தாள் கறுப்பதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே மூன்று மாதம் தூக்கிப் போட்டேன். என்னை என்ன செய்தால் தகும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் கண்ணாடி ஜாடியைக் கழுவப் போனேன். அடியில் கரும்பொடி. ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து ஜாடிக்கு வெளியே வைத்து நகர்த்தினேன். பொடி பின்னாலேயே வந்தது. கூடத்தில் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தானிடம் ஜாடியை நீட்டினேன்.

"ஈயம் இருந்தா ரிப்போர்ட்ல வந்திருக்கும்ல? அதுல கையெழுத்து யாரோடது?" என்றார்.

கையெழுத்து என்னுடையது. அவர் குரலைத் தாழ்த்தினார். "பாப்பாவுக்கு மட்டும் கேன் தண்ணி வாங்கிக்கலாம். நீ ஊரைக் கூட்டாத."

குழந்தையோடு வாசற்படியில் நின்ற அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் கேட்டாள்: "இவ எத்தனை மாசம் இதைக் குடிச்சிருக்கா?"

மறுநாள் வடிகட்டாமல் சோதித்தேன். ஈயம், தூள் வருவதற்கு முன்பிருந்த பழைய அளவிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டு, கறுத்த தாளையும் இணைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். காந்தத்தை மறுபடியும் போட்டுவிட்டார்கள். கேடயத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்தவர்களுக்கல்லவா அசிங்கம்? என்னை டிரம் கிடங்குக்கு மாற்றினார்கள்.

நேற்று அக்கா கிடங்குக்கே வந்தாள். ஒரு டிரம்மின் மேல் குழந்தையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை விரித்து வைத்து, "படி" என்றாள்.

ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. இதை யாரும் வடிகட்டிப் பார்க்கவில்லை.